இரவல் மொழியில் இயங்குமோ உயர்கணக்கு?

பள்ளிக் கணக்கிற்குத் தமிழ் போதும், கல்லூரிக் கணக்கிற்கு ஆங்கிலமே வேண்டும் என்று கூறுவார் நம்மிடையே பலர். அவருள் ஆங்கில அடிமையர் மட்டுமல்லர், தமிழ்ப்பற்றாளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வாரும் உளர் என்பதே வருந்தத்தக்கது. மேடையேறித் தமிழ் வாழ்க என முழங்குவர். மகனைக் கல்லூரியிற் சேர்க்குங்கால், “கணக்கெல்லாம் குறிதானே, எம்மொழியிற் படித்தால் என்ன?” என்று கைகழுவி விடுவர். இக் கட்டுரை முதற்கண் அவர்க்கே எழுதப்படுகிறது.

கணக்கு வெறுங் குறியன்று, கருத்து. கருத்தோ மொழியின்றி இயங்காது. இவ்வுண்மையை வேறெத் துறையினும் தெள்ளத் தெளியக் காட்டுவது, ஆங்கிலத்தார் ‘டைனமிக்கல் சிசுடம்சு’ என வழங்கும் கணக்குத் துறையேயாம். அதனை நாம் இயங்கமைப்பியல் என்போம்.

இயங்கமைப்பாவது யாது?

காலம் செல்லச் செல்ல மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்க. அஃது ஊசலாகலாம், ஞாயிற்றைச் சுற்றுங் கோளாகலாம், குளத்து மீன்களின் தொகையாகலாம், வானிலையாகலாம். இந்நொடியில் அஃது இருக்கும் இருப்பை நிலை என்க. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு அஃது எவ்வாறு செல்லும் என வரையறுக்கும் ஒழுங்கை நெறி என்க. இருக்கத்தக்க நிலைகளெல்லாம் அடங்கிய பரப்பை நிலைவெளி என்க. ஒரு நிலையில் தொடங்கி, நெறி செலுத்தியவாறே அது நடந்து செல்லும் வழியைத் தடம் என்க. அத்துறையின் அடித்தளம் இந்நான்கு சொற்களில் அடங்கிவிட்டது. நிலை, நெறி, வெளி, தடம் ஆகிய நான்கும் தமிழ். எவரிடமும் இரந்து பெற்றவை அல்ல.

தீர்க்கும் கணக்கும் நோக்கும் கணக்கும்

ஊசலையே எடுத்துக்கொள்வோம். நம் கல்லூரிகளில் ஊசலின் சமன்பாட்டைக் கற்பிக்கும் முறை யாவரும் அறிந்ததே. ஊசல் சிறிதளவே ஆடுவதாகக் கொள்க என்று முதலிலேயே வேலி கட்டிவிடுவர். கோணத்தின் சைனுக்கு மாற்றாகக் கோணத்தையே இட்டுவிடுவர். சமன்பாடு எளிதாகும், வாய்பாடு வரும், மாணவன் அதனை நெட்டுருச் செய்து மதிப்பெண் பெறுவான். ஊசலை ஓங்கி வீசினால் என்னாகும்? தலைகீழாய் நிமிர்ந்து நிற்கும் நிலை ஒன்று அதற்கு உண்டா? உண்டெனில் அது நம் கண்ணுக்குத் தென்படாதது ஏன்? இங்குமங்கும் ஆடுதற்கும், ஓயாமல் ஒரே பக்கமாய்ச் சுழலுதற்கும் எல்லைக்கோடு யாது? இவ் வினாக்களை அவன் கேட்பதில்லை. கேட்பினும் அவ் வாய்பாட்டில் விடையில்லை.

இயங்கமைப்பியல் இவ் வினாக்களிலேயே தொடங்குகிறது. உராய்வில்லா ஊசலொன்றின் கோணத்தை ஓர் அச்சிலும், அக்கோணம் மாறும் விரைவை மற்றோர் அச்சிலும் குறித்தால், ஊசலின் நிலைவெளி ஒரு தளமாகக் கண்முன் விரியும். தொங்கி நிற்கும் நிலையைச் சுற்றித் தடங்கள் வளையம் வளையமாகச் சூழும், அவை ஆட்டங்கள். அவ் வளையங்கட்கு மேலும் கீழும் அலையலையாக ஓடுந் தடங்கள் சுழற்சிகள். இவ்விரண்டிற்கும் இடையே வரம்பு கட்டினாற்போல, நிமிர்ந்து நிற்கும் நிலையை நோக்கிச் செல்லும் தடமொன்று கிடக்கும். சமன்பாட்டைத் தீர்க்கவே இல்லை; ஆயினும் ஊசலின் இயல்பு முழுவதும் விளங்கிவிட்டது.

இப் பார்வையை உலகிற்குத் தந்தவர் பிரான்சு நாட்டு என்றி புவான்காரே (1854–1912). சமன்பாட்டைத் தீர்க்கவொண்ணாவிடினும் தடங்களின் உருவை அறியலாம் என்பதை, 1881 முதல் அவர் எழுதிய கட்டுரைகள் நிலைநாட்டின. சுவீடன் மன்னர் இரண்டாம் ஆசுக்காரின் 60-ஆம் பிறந்தநாளையொட்டி நடந்த போட்டியில் 1889-இல் அவர் பரிசு பெற்றார். ஒன்றையொன்று ஈர்க்கும் மூன்று உடல்கள் எவ்வாறு இயங்கும் என்பதே அவர் ஆராய்ந்த சிக்கல். கட்டுரை அச்சேறிய பின்னர் அதில் ஒரு பிழை இருப்பது தெரியவந்தது. மறு அச்சுக்குத் தாமே பணம் செலுத்தினார். பரிசுத்தொகை 2,500 குரோனர். அச்சுச் செலவோ 3,500-க்கும் மேல். அப் பிழையைக் களையப் புகுந்த இடத்திலேயே பெரும்புதையல் கிட்டியது. நெறி முற்றுந் தெரிந்திருந்தும், தடங்கள் முன்கூட்டிச் சொல்லவொண்ணாதவாறு பின்னிப் பிணையக்கூடும் என்பதை அவர் கண்டார். திருத்திய கட்டுரை 1890-இல் வெளிவந்தது.

ஆக, கணக்கில் இருவகை உண்டு. ஒன்று தீர்க்கும் கணக்கு. மற்றொன்று நோக்கும் கணக்கு. புவான்காரேக்குப் பின் நூற்றுமுப்பது ஆண்டுகட்கு மேல் உருண்டோடியும், நம் இளம் அறிவியல் வகுப்புகளில் தீர்க்கும் கணக்கே அரசோச்சுகிறது. நோக்கும் கணக்கைக் கட்டாயத் தாளாகக் காண்பது அரிது. இதற்குக் கரணியம் என்ன? நோக்கும் கணக்கை நெட்டுருச் செய்ய முடியாது. நெட்டுருச் செய்யவொண்ணாததை இரவல் மொழியிற் கற்பிக்கவும் முடியாது. இதுவே உண்மைக் கரணியம்.

மொழி நுழையும் இடம்

வாய்பாட்டுக் கணக்கை எம்மொழியிலும் உருப்போடலாம். பொருளறியாமலே விடை வந்துவிடும். நோக்கும் கணக்கு அத்தகையதன்று. ‘அணுகுகிறது’, ‘விலகுகிறது’, ‘சூழ்ந்து வருகிறது’, ‘எத்துணை அருகில் தொடங்கினும் பிரிந்துபோகிறது’ என்று சொல்லால் எண்ணி, சொல்லால் வழக்காடி, சொல்லால் மெய்ப்பிக்க வேண்டிய கணக்கு அது. கனவு காணும் மொழியில், சினங்கொள்ளும் மொழியில், தாயிடம் சோறு கேட்கும் மொழியில் அன்றி மாந்தனால் அவ்வாறு எண்ண இயலுமோ?

கல்லூரியிற் கணக்குப் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன், நிலைப்பு என்பதற்கு உருசிய அறிஞர் இலியாப்புனோவ் வகுத்த இலக்கணத்தை ஆங்கிலத்தில் ஒருசொல்லும் பிசகாமல் என்னிடம் ஒப்புவித்தான். அதில் இரண்டு அளவுகள் வருகின்றனவே, எதனை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். விழித்தான். இரண்டையும் இடம் மாற்றிச் சொன்னேன். வேறுபாடு அவனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிற் கணக்குப் படித்து உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளை அவன். அறிவு குன்றவில்லை, மொழி மாறியது. அவ்வளவே.

அவ் விலக்கணத்தைத் தமிழிற் சொல்லிப் பாருங்கள். “நிலைப்புள்ளியைச் சுற்றி நீ எத்துணைச் சிறிய வட்டம் வரைந்தாலும், அதற்கேற்ப யான் அதனுள் ஒரு வட்டம் வரைந்து தருவேன். என் வட்டத்துள் தொடங்கும் எந்தத் தடமும் உன் வட்டத்தை என்றும் தாண்டாது.” முதலில் வரைபவன் நீ, உன் வட்டம் கண்டு பின்னர் வரைபவன் யான். முறை மாறினால் பொருள் மாறும் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். என் மாணவனுக்கும் விளங்கிற்று.

இலக்கணம் கற்றார் இங்கு ஒன்று காண்க. கணக்கறிஞர் ஆங்கில எழுத்தொன்றைத் தலைகீழாக நிறுத்தி ‘எல்லாவற்றிற்கும்’ என்று குறிப்பர். ‘எந்தத் தடமும்’ என்பதில் ஒட்டி நிற்கும் முற்றும்மை அதே வேலையை ஓசையின்றிச் செய்துவிடுகிறது. ‘அதற்கேற்ப’ என்னும் ஒரு சொல், எது எதனைச் சார்ந்தது என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டிவிடுகிறது. தமிழ் நுண்கணக்கைத் தாங்காது என்பார், தமிழின் உம்மையையே அறியாதார் என்க.

இளைஞர்க்கு எட்டாத துறையோ?

“இது முதுகலைக்குரிய கடுந்துறை, இளைஞர்க்கு ஆகாது” என்று தப்பிக்க முயல்வாரும் உளர். ஆத்திரேலியாவிற் பிறந்த அறிஞர் இராபர்ட்டு மே, 1976-இல் ‘நேச்சர்’ இதழில் புகழ்பெற்ற கட்டுரையொன்று எழுதினார். உயிர்த்தொகையின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் மிக எளிய சமன்பாடொன்று எத்துணை வியத்தகு இயக்கங்களைத் தரும் என்பது அதன் பொருள். இத்தகைய சமன்பாட்டை மாணவர்க்குக் கணக்குக் கல்வியின் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்த வேண்டும் என்று அக் கட்டுரையிலேயே அவர் வேண்டிக்கொண்டார்.

அச் சமன்பாட்டைத் தமிழிற் சொல்வோம். குறி எதுவும் வேண்டா. சுழியத்திற்கும் ஒன்றிற்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை எடு. ஒன்றிலிருந்து அதனைக் கழி. வந்ததை நீ எடுத்த எண்ணாலேயே பெருக்கு. பின்னும் ஒரு மாறா எண்ணாற் பெருக்கு. வருவதே அடுத்த நிலை. அவ் வெண்ணை வைத்து மீண்டும் அவ்வாறே செய். இவ்வளவுதான் நெறி.

மாறா எண் 2 என்க. 0.1-இல் தொடங்கினால் 0.18, 0.2952, 0.4161, 0.4859, 0.4996 என ஏறி 0.5-இல் அமைந்துவிடும். சுழியத்திற்கும் ஒன்றிற்கும் இடையே வேறெங்குத் தொடங்கினும் முடிவில் அங்கேயே வந்து அமையும். மாறா எண் 3.2 ஆயின் ஓரிடத்தில் அமையாது, 0.513, 0.799 என்னும் இரண்டிற்கும் மாறி மாறித் தாவும். மாறா எண் 3-ஐத் தாண்டும்போது ஓரிடம் ஈரிடமாகிறது, 3.449 அளவில் ஈரிடம் நான்கிடமாகிறது. பின்னர் எட்டு, பதினாறு என இரட்டித்துக்கொண்டே சென்று, 3.57-ஐ எட்டுமுன் அவ் விரட்டிப்பு முடிவிலியை அடைந்துவிடுகிறது. ஓர் இரட்டிப்பிற்கும் அடுத்த இரட்டிப்பிற்கும் உள்ள இடைவெளிகளின் தகவு 4.669 என்னும் எண்ணை நெருங்குவதை 1975-இல் கண்டவர் மிட்செல் பெய்கன்பாம். அவர் கையிலிருந்தது சிறிய கைக்கணிப்பொறியே. இற்றை நாளில் நம் மாணவர் ஒவ்வொருவர் பையிலும் அதனினும் மிக்க ஆற்றலுடைய பொறி உளது. இல்லாதது அதனை நோக்கிக் கேட்க வேண்டிய வினா.

மாறா எண் 4 ஆகும்போது நிகழ்வது பெருவியப்பு. ஒருவர் 0.300-இலும் மற்றொருவர் 0.301-இலும் தொடங்குக. ஐந்தாம் படியில் ஒருவர்க்கு 0.088, மற்றவர்க்கு 0.069. இன்னும் அருகருகே உள்ளனர். பத்தாம் படியிலோ ஒருவர்க்கு 0.043, மற்றவர்க்கு 0.620! ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு பத்தே படிகளில் மலையாகிவிட்டது. நெறியில் மறைவோ தற்செயலோ சிறிதும் இல்லை. ஆயினும் முன்னறிதல் கைநழுவிப் போயிற்று. அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு இலோரென்சு 1961-இல் கணிப்பொறியில் 0.506127 என்னும் எண்ணுக்கு மாற்றாக 0.506 என இட்டுக் கண்டதும் இதுவே. அதனை விளக்கி 1963-இல் அவர் எழுதிய கட்டுரை, நெடுநாள் வானிலையை முன்கூட்டிச் சொல்வதன் எல்லையை உலகிற்கு உணர்த்தியது.

இதில் எப் படி நம் இளைஞர்க்கு எட்டாதது? கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் அறிந்தவன் இதனைச் செய்து பார்க்கலாம். ஏன் இவ்வாறாகிறது என்று கேட்டு மெய்ப்பிக்க முற்படும்போதே உயர்கணக்கு தொடங்குகிறது. அவ் வினாவைக் கேட்கும் நாவைக் கட்டிவிட்டு, இளைஞர்க்கு எட்டாது என்பது நடுநிலையாகுமோ?

சொல் இல்லையாம்!

இனி, எல்லாரும் எடுத்தெறியும் பழங்கல்லுக்கு வருவோம். தமிழிற் கலைச்சொல் இல்லையாம்! ஆங்கிலத்தார் அச் சொற்களை வானத்திலிருந்தா பெற்றனர்? நிலைப்பைக் குறிக்கும் ஆங்கிலச்சொல், நிற்றல் எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. உருசியர் வழங்கும் சொல்லும் நிற்றல் எனப் பொருள்படும் அவர்தம் வேரிலிருந்தே வந்தது. நில் என்பதிலிருந்து நிலை, நிலைப்பு, நிலைப்புள்ளி எனத் தமிழ் தானே கிளைக்கிறது. உருசியன் தன் வேரிலிருந்து ஆக்கினால் அறிவியல், தமிழன் ஆக்கினால் வெறியா?

ஆனால் சொல்லாக்கம் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலையன்று. நிலைப்பிற்கு மறுதலையாக ‘நிலையாமை’ என உடனே சொல்லத் தோன்றும். அது பொருந்தாது. திருக்குறளின் 34-ஆம் அதிகாரம் பேசும் நிலையாமை, இருப்பது அழியும் என்பது. நிமிர்ந்து நிற்கும் ஊசலோ அழிவதில்லை. துல்லியமாக வைத்தால் அங்கேயே நிற்கும். மயிரிழை பிசகினும் அகன்றுவிடும். ஆதலின் அதனை ‘நிலைப்பின்மை’ என்பதே தகும்.

இயக்கம் ஒன்று இரண்டாகப் பிரியும் இடத்திற்கு 1885-இல் பெயர் சூட்டியவர் புவான்காரே. அப்பெயருள் நிற்பது கவைக்கோலைக் குறிக்கும் இலத்தீன் சொல். வேலியில் முள்ளைத் தள்ள நம் உழவன் கையிற் பிடிப்பதும் கவைக்கோலே. ஆகவே ‘கவைப்பு’ என்போம். பல தடங்கள் வந்து அமையும் இடத்தை ‘ஈர்ப்பி’ என்று சிலர் வழங்குகின்றனர். அங்கு ஈர்க்கும் விசை ஒன்றும் இல்லாமையின், அச்சொல் புவியீர்ப்பை நினைவூட்டி மாணவனை வழிதவறச் செய்யும். மாலையிற் பறவைகள் வந்தடையும் இடத்தைச் ‘சேக்கை’ என்றனர் முன்னோர். அதுவே இதற்கு ஒத்த சொல். எங்கெங்குத் தொடங்கிய தடங்கள் ஒரு சேக்கையை வந்தடையுமோ அப் பரப்பைப் ‘பிடிப்புவெளி’ என்க. ஏரியின் நீர்ப்பிடிப்பு எது என்று அறியாத உழவன் உண்டோ? எந்நிலத்திற் பெய்த மழை எவ் ஏரிக்கு வரும் என்பதே அக்கணக்கு.

இனி அந்தப் பெருஞ்சொல். 0.300-உம் 0.301-உம் பிரிந்தோடும் இயக்கத்தை ஆங்கிலத்தார் ‘கேயாசு’ என்கின்றனர். கணக்கில் அப்பெயரை வேரூன்றச் செய்தது, இலீ, யார்க்கு என்னும் இருவர் 1975-இல் எழுதிய கட்டுரை. கிரேக்கத்தில் அது வாய்பிளந்த வெறுமையைக் குறித்த சொல். சீனர் அதனை அப்படியே விழுங்கவில்லை. தம் பழைய மெய்யியல் நூல்களில், உலகம் வகைப்படுமுன் இருந்த கலங்கல் நிலையைக் குறித்த சொல்லை எடுத்தாண்டனர். நம்மவரோ ‘ஒழுங்கின்மை’ என்றும் ‘குழப்பம்’ என்றும் எழுதுகின்றனர். ஒழுங்கு அங்கே முற்றும் இருக்கிறது, இல்லாதது முன்னறிவு. எனவே அவை பிழைபடும்.

தமிழ் இலக்கணத்தில் இதற்கென்றே ஒரு சொல் காத்திருக்கிறது. எழுத்துகள் நெறிப்படி ஒன்றோடொன்று கலந்து வருதலை மெய்ம்மயக்கம் என்கிறோம். வேற்றுமைகள் கலத்தலைச் சொல்ல ‘வேற்றுமை மயங்கியல்’ என ஓர் இயலே தொல்காப்பியத்தில் உண்டு. மயக்கம் என்பது தலைச்சுற்றல் மட்டுமன்று. நெறிக்கு உட்பட்ட கலப்பு. அவ் வியக்கத்திலும் தடங்கள் நிலைவெளியெங்கும் சென்று கலத்தலே தலையாய பண்பு. ஆகவே அதனை ‘நெறிவழி மயக்கம்’ என்றால், ஆங்கிலச்சொல் மறைக்கும் உண்மையைத் தமிழ்ச்சொல் வெளிப்படுத்திவிடுகிறது. இரவற்சொல் காதோடு நிற்கும். வேர்ச்சொல் கருத்தை ஊட்டும்.

ஆங்கிலமே அறிவியலோ?

“உலக அறிவெல்லாம் ஆங்கிலத்திலன்றோ இருக்கிறது?” என்பது அடுத்த கூற்று. இத்துறையின் வரலாறே அதற்கு மறுப்பு. புவான்காரே எழுதியது பிரெஞ்சில். இலியாப்புனோவ் இயக்கத்தின் நிலைப்பைப் பற்றிய தம் பெருநூலை 1892-இல் உருசிய மொழியில் வெளியிட்டார். 1907-இல் அது பிரெஞ்சில் வந்தது. ஆங்கிலத்தில் முழுமையாக வந்ததோ 1992-இல்! ஆங்கிலமே அறிவின் வாயில் எனில், உருசியர் நூறாண்டு அவ் வாயிலில் காத்து நின்றாரா? இல்லை. தம் மொழியிற் கற்றனர், தம் மொழியிற் கற்பித்தனர், வளர்ந்தனர்.

சார்க்கோவ்சுகி 1964-இல் உக்கிரேனியக் கணக்கியல் இதழில் உருசிய மொழியில் ஒரு தேற்றம் வெளியிட்டார். ஒரு நேர்கோட்டின்மேல் தொடர்ச்சியாய் நிகழும் இயக்கத்தில் மூன்றடிச் சுழற்சி ஒன்று இருந்தால், எல்லா அடிச் சுழற்சிகளும் இருந்தே தீரும் என்பது அதன் ஒரு கூறு. பதினோராண்டு கழித்து இலீயும் யார்க்கும் அக்கூறினைத் தாமே கண்டறிந்து ஆங்கிலத்தில் எழுதினர். வேறு சிலவும் அதனொடு சேர்த்தனர். “பார்த்தீரா, ஆங்கிலத்தில் எழுதாமையால் சார்க்கோவ்சுகியை உலகம் அறியவில்லை” என்று இதனையே நம்மீது திருப்புவாரும் உண்டு. அன்பர்களே, இழப்பு யாருக்கு? உருசியம் அறியாமையால் பதினோராண்டு பின்தங்கியவர் ஆங்கிலத்தாரே. இன்று அத் தேற்றம் சார்க்கோவ்சுகியின் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது.

மேலும், வெளியிடுவது வேறு, கற்பது வேறு. ஆய்வை உலகிற்கு அறிவிக்க ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்கட்டும், யார் தடுத்தார்? ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்க. கல்வியின் வழியாகக் கொள்ளற்க. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், தாமே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அயல்நாட்டான் ஒருவன் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் செய்து காட்டியதை, இம் மண்ணிற் பிறந்தவர் இயலாது என்பது நாணத்தக்கதன்றோ!

கையிலிருந்தும் பசி

நம் நாட்டு நிலையை எண்ணிப் பார்க்க. தமிழ்நாட்டரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு நூலில் வகைக்கெழுச் சமன்பாடு தமிழிலேயே உளது. ஊரகத்துப் பிள்ளை பதினேழு அகவையில் அதனைத் தமிழிற் கற்றுத் தேர்ந்துவிடுகிறான். அடுத்த ஆண்டு கல்லூரி வாயிலில் அதே சமன்பாடு வேற்றுடை அணிந்து அவனை மிரட்டுகிறது. தமிழ்வழி வகுப்புள்ள அரசு கல்லூரிகளிலும், பட்டப்படிப்பின் பிற்பகுதிக்குரிய தமிழ் நூலைத் தேடி மாணவன் அலைகிறான். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. பொறியியலுக்கு இயன்றது, சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் போதுமான கணக்கிற்கு இயலாதோ?

ஆற்றல் இல்லாமலா நாம் இவ்வாறிருக்கிறோம்? திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென்றே ஆய்வு நடுவம் அமைந்தது. முரளி, இலட்சுமணன் என்னும் நம் நாட்டு ஆய்வாளர் இருவர், சுவா என்னும் அமெரிக்க அறிஞரொடு சேர்ந்து 1994-இல் வெளியிட்ட மின்சுற்று, நெறிவழி மயக்கத்தைக் காட்டும் மிக எளிய சுற்றுகளுள் ஒன்றாக அம்மூவர் பெயராலேயே உலக ஆய்வேடுகளில் வழங்குகிறது. இலட்சுமணனும் இராசசேகரும் எழுதிய பெருநூல் 2003-இல் இசுப்பிரிங்கர் பதிப்பகத்தின் வழியே ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவ்வறிஞர்களை நாம் குறைகூறவில்லை, போற்றுகிறோம். நம் வினா வேறு. உலகிற்கு நூல் கொடுக்கும் மண், தன் பிள்ளைகட்கு ஒரு நூல் கொடுக்க வேண்டாவா? காவிரிக் கரையில் ஆக்கிய சோற்றை, காவிரிக் கரைப் பிள்ளை அயல்நாட்டு ஏனத்தில்தான் உண்ண வேண்டுமா?

செய்ய வேண்டுவன

பேசிப் பயனில்லை. செய்வன இவை. பல்கலைக்கழகங்கள் இளம் அறிவியல் கணக்கில் இயங்கமைப்பியலை ஒரு முழுத்தாளாக வைத்தல் வேண்டும். ஊசலும் மீன்தொகையும் கைக்கணிப்பொறியும் போதும். பெரும் பொருட்செலவு இல்லை. அத் தாளுக்குத் தமிழ்நூல் வரும்வரை காத்திராமல், கணக்குப் பேராசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து நூறு பக்க அளவில் ஒரு நூல் எழுதத் தொடங்குதல் வேண்டும். கணக்கறிந்தவர் கருத்தைச் சொல்லட்டும். தமிழறிந்தவர் வேரைக் காட்டட்டும். இருவரும் தனித்தனியே சொல்லாக்கியமையாலன்றோ பல கலைச்சொற்கள் பிறந்தவுடன் இறந்தன! யான் மேலே காட்டிய சேக்கையும் கவைப்பும் மயக்கமும் இறுதி முடிவுகளல்ல. அவற்றினும் சிறந்த சொல் தருவார் தருக, தலைவணங்கி ஏற்போம். ஆனால் சொல் முற்றும் அமைந்த பின்னரே கற்பிப்போம் என்பது, நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குவேன் என்பதை ஒக்கும்.

தேர்வில், தமிழில் எழுதும் மாணவன் தன் சொல்லாலேயே மெய்ப்பித்தால் முழு மதிப்பெண் தருதல் வேண்டும். நெட்டுருப் போட்ட ஆங்கில வரிக்கு மதிப்பெண்ணும், விளங்கிக்கொண்ட தமிழ் வரிக்குச் சிவப்புக் கோடும் என்றால், நாம் வளர்ப்பது கணக்கறிஞரையா, கிளிகளையா?

தமிழன்பர்களே! இம் முயற்சி சிறிது என்று எண்ணற்க. 0.300-க்கும் 0.301-க்கும் உள்ள வேறுபாடு எத்துணைச் சிறிது! பத்தே படிகளில் அது தடத்தையே மாற்றிவிடவில்லையா? இன்று ஒரு கல்லூரியில், ஒரு வகுப்பில், ஓர் ஆசிரியர் ஒரு தேற்றத்தைத் தமிழில் மெய்ப்பித்தால், பத்தாண்டில் நம் கல்வியின் தடம் எங்குச் சென்று சேரும் என எவராற் சொல்ல இயலும்? முடிவை முன்னறிய இயலாமை அஞ்சி இருந்துவிடுதற்குரிய கரணியம் அன்று. இன்றே தொடங்குதற்குரிய கரணியம். தொடங்குக தமிழில்! வெல்க தமிழ்!